பனங்கொட்டையோ? ஓம்!

குழந்தையின் உடுப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். படலையடியில் சைக்கிளை நிறுத்திய பக்கத்து வீட்டுச் சின்னத்துரை அண்ணை இறங்காமலே சொன்னார்: "பிள்ளை, றீற்றா ரீச்சர் காலமை போட்டா. நித்திரையிலைதான் உயிர் போச்சாம்."

ரீச்சர் மட்டக்களப்பில் பிறந்து மானிப்பாய்க்கு வாழ்க்கைப்பட்டவர். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு அவரும் படிப்பிக்க வந்த முதல் நாளே அதிபர் சீண்டினார்.

"மட்டக்களப்பார் அங்கை போறவனை மருந்து வைச்சுப் பாயோடை ஒட்டவைப்பினமாம், பிறகு அவன் ஊர் திரும்பானாம். மெய்யே ரீச்சர்?"

"ஒட்டவச்ச நாங்கதான் சேர். ஆனா பாயும் கையுமா இங்க வந்து நிக்கிறதும் நான்தானே. அப்ப ஆரு ஆருக்கு மருந்து வச்ச?"

அன்று சிரித்த சிரிப்பில் முதலாம் பாடத்துக்கு அடித்த மணி எங்கள் ஒருவருக்கும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு மற்ற ஊர்கள் வைத்த பட்டப்பேர் பனங்கொட்டை. கண்டியில் கம்பசில் படித்தபோது அந்தப் பேருக்காகக் குளியலறையில் அழுதவள் நான். எங்களையே பனங்கொட்டைகள் என்று கூப்பிட்ட ரீச்சரோடு முதலில் முகம் கொடுத்துக் கதைக்கவே இல்லை. எங்கள் பேர் அவருக்கு விளையாட்டு என்று நினைத்தேன்.

போன வருசம் பிள்ளை பிறந்தபோது, சண்டையால் சாமான்களுக்குத் தடை; கடைகளில் சவுக்காரம் கண்ணிலும் காணக் கிடைக்கவில்லை. சரியாகத் தோய்க்காத துணி பட்டுப் பிள்ளையின் தோல் சிவந்தது. ரீச்சர் ஒரு கடகப் பெட்டி நிறையப் பனம்பழத்தோடு வந்தார். பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, துணிகளை வெள்ளை வெளேரென்று தோய்த்து, வேலியோரக் கொடியில் விரித்தார். கொஞ்ச நேரத்தில் சின்னத்துரை அண்ணையின் கன்றுக்குட்டி பழ வாசத்துக்கு வந்து பிள்ளையின் சட்டையொன்றைச் சப்பிக்கொண்டு நின்றது.

"பனம்பழத்திலை தோய்ச்சதை மாட்டுக்கு எட்ட ஆரும் போடுவினமே? உதுகூடத் தெரியாத ரீச்சர்!" என்றார் அண்ணை.

"இண்டைக்குத் தெரிஞ்சிற்று அண்ணன். இனி என்னையும் பனங்கொட்டை எண்டு சொல்லுங்க."

"அதுக்கு இன்னும் கனநாள் இருக்கு, மட்டக்களப்பு ரீச்சர்!"

ரீச்சர் சிரித்தார். ஆனால் முகம் ஒருகணம் வாடியதைக் கண்டேன். அவர் அந்தப் பேரை உண்மையாகவே கேட்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

போன மாதம், கொழும்பில் இருக்கும் கணவரிடம் போகப்போகிறேன், அங்கே பிள்ளையையும் பனங்கொட்டை என்றுதான் பழிப்பார்கள் என்று ரீச்சரிடம் புலம்பினேன்.

"பழிச்சா 'ஓம், நான் அதுதான்' எண்டு சொல்லப் பழக்குகா. ஓம் எண்ட ஆளை எப்பிடிப் பழிக்கிற?" என்றார்.

செத்தவீட்டில் வெளியூர்ப் பாதிரியார் ஒருவர், "இவ எந்த ஊர்?" என்று கேட்டார். மட்டக்களப்பு என்று சொல்ல நான் வாயெடுத்தேன். சின்னத்துரை அண்ணை முந்திக்கொண்டார்.

"எங்கடை ஊர்தான் சுவாமி. அசல் பனங்கொட்டை."

அழுதுகொண்டிருந்த நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அதைக் கேட்க ரீச்சர் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த கிழமை புறப்படுகிறேன். சண்டையால் தரைப்பாதை பூட்டிக் கிடக்கிறது; கடலை வள்ளத்தில் கடப்பதை நினைத்தால் பயம்தான், மறைக்கவில்லை. பிள்ளை இன்னும் பேசத் தொடங்கவில்லை. அம்மா, அப்பாவுக்கு அடுத்ததாக அவள் படிக்கப்போகும் சொல்லை மட்டும் ரீச்சரிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.