கடைசி வரியில் ஒரு பிராக்கெட்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கொழுந்தன் அங்கே நெட்வொர்க் பார்க்கிறவன். அவன் சிபாரிசில் வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். மேலாளர் மட்டும் விறைப்பாக 'மேடம்' என்பார். பிள்ளைகளுக்காக வேலையை விட்டவள், வெகுகாலம் கழித்து மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவளை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று மேலாளர் சொல்லப்போகும் நாள் இது. 

கொடுத்த வேலை என்னவோ சின்னதுதான். முடிவுகளை வார்டுகளுக்கு அனுப்பும் பெர்ல் மொழிப் புரோகிராமில் ஒரு 'இஃப்' நிபந்தனை சேர்க்க வேண்டும்: சர்க்கரை அபாய அளவைத் தாண்டினால், டாக்டரின் போனுக்கும் செய்தி போகவேண்டும். சேர்த்தாள். நிபந்தனைக்குக் கட்டுப்பட்ட வரிகளை, திறந்து மூடும் பிராக்கெட்டுக்குள் அடைக்க வேண்டும். புரோகிராம் ஓட மறுத்து, ஒரு பிராக்கெட் மூடவில்லை என்று கடைசி வரியைக் கைகாட்டியது. பெர்லுக்கு இதே பழக்கம். எங்கே விட்டோம் என்று சொல்லாது. ஃபைல் முடியும் இடத்தில் நின்றுகொண்டு கத்தும். அண்ணியும் அவசரத்தில் அங்கேயே ஒரு பிராக்கெட்டைப் போட்டு அதன் வாயை அடைத்தாள். அபாய அளவில் ஒரு முடிவைக் கொடுத்துப் பார்த்தாள். டாக்டரின் போன் ஒலித்தது.

"கலக்கிட்டீங்க அண்ணி!" என்றான் கொழுந்தன். மேலாளரும் தலையாட்டி, அன்றைய முடிவுகளை அதிலேயே அனுப்பச் சொன்னார்.

ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் வார்டு பிரிண்டர், சோதனை முடிவைக் கக்கியதோடு சரி, அப்புறம் வெகுநேரம் மூச்சுக் காட்டவில்லை. அண்ணிக்குப் பொறி தட்டியது. 'இஃப்' திறக்கும் பிராக்கெட்டில் கர்சரை வைத்தாள். அதன் ஜோடி எங்கே என்று எடிட்டர் காட்டியது: கடைசியில், அவள் போட்டது! வார்டுக்கு அனுப்பும் வரியும் 'இஃப்'புக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அபாயமானவை மட்டும்தான் வார்டுக்குப் போகும். 'ஒன்றுமில்லை' என்ற சொல்லுக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒன்றுமே போகவில்லை.

பிராக்கெட்டை டாக்டருக்கான வரியை ஒட்டி நகர்த்தினாள். அதோடு கமுக்கமாக இருந்துவிடலாம். ஆனால் தேங்கியவற்றை மறுபடி அனுப்ப மேலாளர்தான் உத்தரவு தரவேண்டும். அவள் எழுந்தாள். 'சும்மா இருங்க' என்று கொழுந்தன் கண்ணாலேயே கெஞ்சினான்.

"சார், தப்பு பண்ணிட்டேன்."

"அதான் ஓடுச்சே?"

"ஓடுச்சு சார். ஆனா தப்பா ஓடுச்சு."

திரையில் காட்டினாள். மேலாளர் முகத்தைச் சுளித்தார். வார்டுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். தேங்கியதையெல்லாம் அனுப்பச் சொன்னார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இங்க பழைய புரோகிராம் நிறைய கிடக்கு. ஓடுதேன்னு எல்லாரும் விட்டுவெச்சிருக்கோம். நாளையிலிருந்து ஒவ்வொண்ணா நீங்க பாருங்க, அண்ணி."

அண்ணி சிரித்துக்கொண்டே திரைப் பக்கம் திரும்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்டர் விடாமல் கரகரத்துக்கொண்டிருந்தது.