கண்ணாயி வைத்த பெயர்

சாமைக் கதிர் பால் பிடிக்கும் நாட்களில் குருவி ஓட்டுவதற்கு மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் கண்ணாயியைத்தான் கூப்பிடுவார்கள். எந்தக் குருவி எந்தப் பக்கமிருந்து இறங்கும், எது கூட்டமாக வரும், எது ஒற்றையாக வந்து திருடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மனிதர்களையும் அவள் அதே கண்ணால்தான் பார்த்தாள். கூடிக்கூடிப் பேசும் பெண்கள் அவளுக்குத் தவிட்டுக்குருவிக் கூட்டம். கழுத்து நீண்ட ஊர்க்கவுண்டர் ராசப்பன் கொக்கு. அவள் ஒரு பெயர் வைத்தால் அது ஒட்டிக்கொள்ளும். கேட்டவர்கள் சிரித்தார்கள். அடுத்தது தனக்கு வைத்துவிடுவாளோ என்ற பயமும் அந்தச் சிரிப்பில் இருந்தது.

கல்யாணமான நாலாம் வருஷம் புருஷன் காய்ச்சலில் போனான். மாமியார் வீட்டில் மூதேவி என்று பெயர் சூட்டி, கைக்குழந்தை கோகிலாவோடு திருப்பி அனுப்பினார்கள். தம்பி சின்னராசு தன் வீட்டை ஒட்டி ஓர் அறை போட்டுக் கொடுத்தான். பின்னால் அவனுக்குத் திண்ணனூர் நாட்டிலிருந்து பெருமாயியைப் பார்த்துக் கட்டிவைத்ததும் கண்ணாயிதான். பெருமாயி அதிர்ந்து பேசாதவள். ஆனாலும் வந்த ஒரு வருஷத்தில் அடுப்பு அவளுடையதாயிற்று, சின்னராசுவின் பேச்சும் அவள் பக்கம் போயிற்று. கண்ணாயிக்கு அது பொறுக்கவில்லை.

பெருமாயியின் முதல் குழந்தை பத்தாம் நாள் இறந்தது. இரண்டாவது மூன்று மாதம் இருந்தது. அதைப் புதைத்துவிட்டு வந்த அன்று, சுவரோரம் உட்கார்ந்து அழுதவளைக் கண்ணாயி நின்று பார்த்தாள்.

"சாக்குருவியாட்டம் அழுவாத. நீ அழுதுதான் இந்த ஊட்டுல ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்றாள்.

அங்கே துக்கத்துக்கு வந்திருந்த பத்துப் பேரும் அதைக் கேட்டார்கள். அடுத்த அமாவாசைக்குள் ஊர் முழுவதும் பெருமாயிக்குச் சாக்குருவி என்பதுதான் பெயர். பிள்ளை பெற்ற வீட்டுக்கு அவளை அழைப்பதை நிறுத்தினார்கள். விதைப்பன்று அவள் எதிரே வந்தால் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவள் போன பிறகு தூக்கினார்கள். பெருமாயி ஒற்றையடிப் பாதையை விட்டுக் காட்டோரமாகவே நடக்கப் பழகிக்கொண்டாள்.

தொண்ணூற்று எட்டில் ராசிபுரத்திலிருந்து கவியரசன் என்ற கல்லூரி மாணவர் வந்தார். பறவைகளுக்கு மலையில் வழங்கும் பெயர்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரைக் கண்ணாயியிடம் அனுப்பினார்கள். வாசலில் பாய் போட்டு உட்காரவைத்து, டேப் ரெக்கார்டர் ஓட, அவள் சொன்னாள். பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று கேட்டார்கள்.

"ஆக்காட்டிங்கறது ஏனுங்க?"

"ஆளக் கண்டா கத்திக் காட்டிக் குடுக்குமல்ல, அதான் ஆள்காட்டி. வேட்டைக்காரனுக்கு அதப் புடிக்காது."

"செம்போத்து?"

"செவப்பாப் போத்திக்கிட்டிருக்குது. முதுகப் பாருங்க."

"போத்துன்னா ஆணுன்னும் ஒரு அர்த்தம் இருக்குதுங்க."

"அப்ப பொட்டைச் செம்போத்துக்கு என்ன பேரு வெப்பீங்க?" என்று அவள் கேட்டதும் கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். பிறகு சாக்குருவியைப் பற்றிக் கேட்டார்.

"அது சின்ன ஆந்தைங்க. நோவு கண்ட ஊட்டுலதான் விடிய விடிய வெளக்கு எரியும். வெளக்குக்குப் பூச்சி வரும், பூச்சியத் திங்க அது வரும். வந்த எடத்துல கத்தும். காலையில நோவாளி செத்தா, கத்துனதுதான் கொன்னுபோட்டுதுன்னு சொல்லிப்போட்டாங்க. குருவி என்ன பண்ணும், பாவம்."

கவியரசன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு தெளிவான விளக்கத்தை அவர் எங்கும் கேட்டதில்லை என்றார். அந்தப் பாராட்டு கண்ணாயியின் தலைக்கு ஏறியது.

"ரெக்கை இல்லாத சாக்குருவி ஒண்ணு எங்கூட்லயே இருக்குதுங்க. வேணும்னா அதோட சத்தத்தையும் புடிச்சுக்குங்க" என்று தலையை ஆட்டிக் காட்டினாள்.

விருந்தாளிக்குக் காப்பி டம்ளரோடு பெருமாயி கதவருகில் நின்றிருந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கவியரசன் மட்டும் சிரிக்கவில்லை. டேப்பை நிறுத்தினார்.

மறுவருஷம் ஐப்பசியில் கோகிலா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவள் புருஷன் பிரேம் ராசிபுரத்தில் வேலையாக இருந்தான். விடியற்காலை வலி கண்டது. பதினொரு மணிக்கு மருத்துவச்சி பொன்னாயி வெளியே வந்து கையை விரித்தாள்.

"கொழந்த குறுக்கால கெடக்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க."

பஸ் மூன்று மணிக்குத்தான். தூளி கட்டித் தூக்கிப் போக ஆண்கள் வேண்டும்; அவர்களோ மிளகுத் தோட்டங்களில் சிதறிக் கிடந்தார்கள். பொன்னாயி அவர்களைத் தேடி ஓடினாள்.

அந்த நேரத்தில் பெருமாயி ரோட்டோரக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தாள். ஓடிவந்த பொன்னாயி விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தோட்டங்கள் பக்கம் போய்விட்டாள். பிறகு சற்றுத் தள்ளி மரவள்ளி ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவரிடம் போய்க் கும்பிட்டாள். கால் மணி நேரம் நிற்பதாக அவர் சொன்னார். பெருமாயி மேட்டில் ஏறி ஓடிவந்தாள்.

கண்ணாயி வாசலிலேயே மறித்தாள்.

"படி மிதிக்காத."

"நங்கையா," என்று நாத்தனாரைக் கெஞ்சினாள் பெருமாயி. "ரோட்டுல லாரி நிக்குது. நாம ரெண்டு பேரும் தாங்கிப் புடிச்சாப் போதும், கோகிலாவ…"

"வாய மூடு. இன்னிக்குன்னு பாத்து எம்பட வாசல்ல வந்து கத்தறயா?"

"கத்த வரலீங்க நங்கையா. லாரி போயிரும்."

"நீ சொன்ன வண்டியில எம்புள்ள ஏற மாட்டா. போ."

கண்ணாயி கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். பெருமாயி கதவைத் தட்டினாள். உள்ளே கோகிலா "அம்மா, அத்தை சொல்றதக் கேளு" என்று முனகினாள். கண்ணாயி அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

ஆண்கள் வந்து தூளியில் சுமந்து ஆஸ்பத்திரி சேர்ந்தபோது மணி இரண்டரை. குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது. அங்கிருந்து கீழே நாமக்கல்லுக்குக் கொண்டுபோய்க் கோகிலாவின் உயிரை மட்டும் காப்பாற்றினார்கள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் ஊர் கூடியது. பெருமாயி வாசலில் வந்து கத்தியதால்தான் குழந்தை செத்தது என்று கண்ணாயி சொன்னாள்.

"லாரி இருக்குதுன்னு சொல்லத்தான் போனேனுங்க" என்றாள் பெருமாயி.

"எந்த லாரி? எங்காதுல ஒண்ணும் விழுகல."

லாரிக்காரர் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. விசாரிக்கவும் யாரும் முனையவில்லை. பெருமாயியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடும்படி ஊர்க்கவுண்டர் ராசப்பன் தீர்ப்புச் சொன்னார். சின்னராசு தலையைக் குனிந்தபடியே சரி என்றான். துணி மூட்டையோடு பெருமாயி தனியாகவே திண்ணனூர் நாட்டுக்கு நடந்தாள்.

பதினெட்டு நாள் கழித்துக் கோகிலா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். நடந்ததைக் கேட்டதும் நேராக ராசப்பன் வீட்டுக்குப் போய், கதவுக்கு உள்ளிருந்து தான் கேட்டதையெல்லாம் சொன்னாள். அவர் வெற்றிலையை மென்று முடித்தார்.

"தீர்ப்புச் சொல்லியாச்சு கண்ணு. சின்னராசுக்கு வேற பொண்ணும் பாத்தாச்சு."

கோகிலா பெருமாயியைத் தேடிப் போனாள். தன் அண்ணன் வீட்டில் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாய்ப்புக் கொட்டகையில் படுக்கையும் சட்டியும் தனியாக வைத்துக்கொண்டு பெருமாயி இருந்தாள். சாக்குருவி என்ற பெயர் அவளுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கோகிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெருமாயி கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"வந்ததே போதும் சாமி. இனி வராத. உன்னையும் பேசுவாங்க."

கோகிலா ராசிபுரத்துக்குப் போய்விட்டாள். இரண்டு வருஷம் தாயிடமிருந்து வந்த எந்தச் சேதிக்கும் பதில் இல்லை. இரண்டாயிரத்து இரண்டில் கண்ணாயி ஒரு பை பலாச்சுளையோடு பஸ் ஏறிப் போனாள். கோகிலா பாயை விரித்தாள், சோறு போட்டாள்.

"ஒரு வார்த்தை பேசேன் கண்ணு. புத்தி கெட்டுப்போயி செஞ்சது."

"புத்தி கெடல. வெளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குக் குருவி வரும்னு ஊரு கேக்கச் சொன்னவ நீ. தெரியாமச் செஞ்சிருந்தா உங்கூடப் பேசியிருப்பேன்மா."

கண்ணாயி மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். நாலு மணி பஸ்ஸில் மலையேறினாள்.

அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் அவள் சாமைக்காட்டில் குருவி ஓட்டினாள். யாருக்கும் புதுப்பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. ஒரு மார்கழியில் மூச்சிரைப்பு வந்து இறந்தாள். கோகிலா வந்து, மண் போடும்வரை நின்றாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி இறங்கிப் போனாள்.