ஒரு வாரம் தள்ளிவைத்த சர்வர் வேலை

காளவாசலில் நான் வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு மெயில் சர்வர் உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதில் ஓடும் மென்பொருள் பழசாகி, இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று தயாரித்தவர்களே கைவிரித்துவிட்டார்கள். எங்களிடம் சரக்கு வாங்கும் ஒருவரின் கம்ப்யூட்டர்களுக்குள் யாரோ புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டதும் முதலாளி பதறிப்போனார். வருகிற ஞாயிற்றுக்கிழமையே புதுசுக்கு மாற்றுவது என்று முடிவானது.

அறிவிப்பு போன அன்று கணக்குப் பிரிவு அண்ணன் என் மேசைக்கு வந்து நின்றார். விளாங்குடிக்காரர், அதிர்ந்து பேசாதவர். ஒரே மகன் சரக்குக் கப்பலில் இருக்கிறான். அந்தக் கப்பல் சண்டை நடக்கிற கடல் பக்கம் மாட்டிக்கொண்டு தகவலே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"தம்பி, வீட்டுக்குத் தகவல் சொல்லக் கப்பல் கம்பெனிகிட்ட அவன் குடுத்திருக்கது என் ஆபீஸ் மெயிலைத்தான். நீங்க மாத்துற நேரத்துல வந்துச்சுன்னா?"

"அப்பச் சேரலைன்னா அனுப்புற சர்வர் திரும்பவும் அனுப்பும்ணே. பெரும்பாலும் தவறாது."

"பெரும்பாலுமா?"

முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"நீ என்னப்பா சொல்ற?"

"ஒரு வாரம் பொறுப்போம் சார். அதுவரைக்கும் ஆபீசுக்கு வெளிய இருந்து யாரும் மெயில் பாக்க முடியாதபடி அடைச்சு வச்சிர்றேன். ஆபத்து குறையும், ஆனா முழுசாப் போகாது."

"சரி. ஒரு வாரந்தான்" என்றார்.

வெளியூர் போகிற விற்பனை ஆட்கள் என்னைத் திட்டினார்கள். காரணம் தெரிந்ததும் அடங்கினார்கள். அண்ணன் தினமும் எல்லோருக்கும் முந்தி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். மத்தியானச் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார். மெயில் வந்திருந்தது. மகன் எழுதியது நாலே வரிதான். வேறு துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள், நன்றாக இருக்கிறேன், கூட இருந்த திண்டுக்கல் நண்பன் இறந்துவிட்டான்.

அண்ணன் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "அந்தப் பையன் எங்க வீட்ல வந்து சாப்ட்ருக்கான் தம்பி" என்றார். "அவுங்க வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

உடனே லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை நான் சர்வரை மாற்றினேன். ஒரு சில பழைய மெயில்பெட்டிகள் மட்டும் முரண்டு பிடித்தன. சாயங்காலத்துக்குள் எல்லாம் ஓடத் தொடங்கியது.

திங்கட்கிழமை வந்த அண்ணனிடம் மெல்லக் கேட்டேன்.

"அவுங்களுக்கு முன்னாடியே போன் வந்திருச்சு தம்பி. அவுங்க அப்பாகூட உக்காந்திருந்துட்டு வந்தேன்."