நாற்பது பெட்டிகளில் ஒரு முகம்

சின்னப் படங்களை வெளிநாட்டுச் சேனல்களுக்கு விற்றுத் தருவது என் பிழைப்பு. அடையாறில் ஒரு மாடி அறை, ஒரு லேப்டாப், நான். அவ்வளவுதான் கம்பெனி. நியூசிலாந்தில் ஒரு மாவோரிப் பழங்குடி ஊரே சேர்ந்து எடுத்த படம் என்னைத் தேடி வந்தபோது, அட, நாமும் ஒரு ஆள்தான் போலிருக்கிறதே என்று தோன்றியது. ஊரின் சார்பில் பேசியவள் என் வயதுக்காரி. படத்தின் நாயகி அவளுடைய அம்மா. படப்பிடிப்பு முடிந்த மாதமே அந்த அம்மா இறந்துவிட்டார். விற்பனை ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்தாகவில்லை. சேனல்காரர்களுக்காக தி. நகரில் நான் போடும் காட்சியை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக விமானம் ஏறினாள்.

கூப்பிட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? மைசூர்பாக்கும் மிக்சர் பொட்டலமும் வைத்து நாற்பது பெட்டி சொன்னேன். மூடியில் அந்த அம்மாவின் முகம். தாம்பூலப் பையில் பெண் மாப்பிள்ளை படம் போடுகிறோமே, அந்த மாதிரி. பெட்டிகளை நிரப்பி அரங்கில் கொண்டுவந்து வைப்பதும் அச்சகக்காரர் பொறுப்பு. மனிதர் போனிலேயே துள்ளினார்.

"யக்கா, அந்தம்மா மூஞ்சி சோக்கா வந்துகீது. பாத்தா அசந்துடுவ."

காட்சியன்று காலை மயிலாப்பூர் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும்போது, அவள் எப்போதோ அனுப்பிய ஏழு பக்கக் குறிப்பைத் திறந்தேன். விலை, நாடுகள் என்று எனக்கு வேண்டியதை மட்டும் படித்துவிட்டு மூடிய குறிப்பு. ஐந்தாம் பக்கத்தில் இருந்தது: தலை எங்களுக்குப் புனிதம். இறந்தவர் முகத்தைச் சாப்பாட்டுப் பொருள் எதிலும் போடாதீர்கள், பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

ஆட்டோவிலிருந்தே அச்சகக்காரரைக் கூப்பிட்டேன். "அண்ணே, பெட்டியெல்லாம் எங்கயாவது மறைச்சு வைங்க!"

"இன்னாக்கா, இப்ப வந்து சொல்ற? அல்லாத்தையும் டேபிள்ல அடுக்கிட்டேன். ஃபாரின்காரம்மா வேற வந்து பாத்துக்கினு நிக்குது."

போச்சுடா! ஆட்டோ நிற்பதற்குள் இறங்கி ஓடினேன். அவள் மேசையருகே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அச்சகத்தில் தப்பு செய்துவிட்டார்கள் என்கிற பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்த மனிதரோ பக்கத்திலேயே பெருமையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். எப்படிச் சொல்வேன்?

"நான்தான் போடச் சொன்னேன். நீங்க எழுதினதை முழுசா படிக்கல," என்று ஆங்கிலத்தில் உளறினேன்.

அவள் ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததை எடுத்துக் காகிதத் தட்டில் வைத்தாள். காலிப் பெட்டியைப் பிரித்துத் தட்டையாக மடித்தாள். நானும் ஒரு பெட்டியை எடுத்தேன். அச்சகக்காரரும் வந்தார். மூன்று பேருமாக நாற்பதையும் காலி செய்தோம். நெய்க் கறை பட்ட ஒரு மூடியை அவள் தன் கைக்குட்டையால் ஒற்றித் துடைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுப் பரணில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன, பிள்ளையார் படம் இருக்கிறதே, குப்பையில் போட மனசு வருமா என்று. அப்படிப்பட்ட நான் ஒருத்தியைப் பெற்றவளின் முகத்தை நாற்பது குப்பைத்தொட்டிகளுக்கு அனுப்பப் பார்த்தேன். சீ!

காட்சி நடந்தது. இரண்டு சேனல்காரர்கள் விலை கேட்டார்கள். நான் படத்தையே பார்க்கவில்லை, முன்வரிசையில் இருந்த அவளுடைய பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் முழுக்க ஒப்பந்தத்தைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. நான் எந்த முகத்தோடு கேட்பது?

கிளம்பும் அன்று பெசன்ட் நகரில் அவள் தங்கியிருந்த அறைக்குப் போனேன். சூட்கேஸ் திறந்து கிடந்தது. எடை கூடுகிறதாம். தி. நகரில் ஆசை ஆசையாக வாங்கிய மூன்று பட்டுப் புடவைகளை வெளியே எடுத்து என் மடியில் வைத்தாள். அந்த இடத்தில் மடித்த நாற்பது பெட்டி அட்டைகளையும் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தாள். பிறகு ஒப்பந்தத்தை நீட்டினாள். கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"படம் உங்ககிட்டயே இருக்கட்டும். அம்மாவை மட்டும் நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.