சுருதிக்காரர் ஜெயித்த கதை

இசைப்பள்ளியில் அவரைச் சுருதிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷமாகப் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். சாதுவான மனுஷன், சுருதி என்று வந்தால் மட்டும் பிடிவாதம்.

இந்தக் காலத்தில் எல்லோரும் பன்னிரண்டு சுரங்களுக்கும் இடைவெளியைச் சரிசமமாகப் பங்கிடுகிறார்கள். எந்த ஸ்கேலில் வேண்டுமானாலும் வாசிக்கலாம். எதுவும் முழுச் சுத்தமாக இருக்காது. இதுதான் சமமுறை. நம் ஆள் பழைய முறைக்காரர். அடிக்கடி வாசிக்கும் ஸ்கேல்களுக்கு இனிமையை வாரி வழங்குவார், எப்போதாவது வருபவை கரகரத்தால் கரகரக்கட்டும் என்று விட்டுவிடுவார். "கேக்கிறவங்களுக்குக் காரணம் தெரியாது, ஆனா மனசுக்குத் தெரியும்" என்பது அவர் கட்சி.

எதிர்க்கட்சி வீட்டுக்குள்ளேயே இருந்தது. மனைவியின் தம்பி, அதே பள்ளியில் பியானோ ஆசிரியர். "யாருக்கும் ஒரு மண்ணும் தெரியாது மாமா" என்பான். சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சு வந்தால் அக்காக்காரி தட்டோடு எழுந்து போய்விடுவாள்.

கடைசியில் அரங்கத்திலேயே தீர்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று. இரண்டு பியானோ, இரண்டு முறை, ஒரே பாட்டு. எது இனிமை என்று நாற்பது பேர் கை தூக்கிச் சொல்வார்கள். மாமா தோற்றால் அரங்கத்துப் பியானோவில் இனிப் பழைய முறை கிடையாது. அதை நினைத்து அவருக்கு நான்கு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அன்று காலை இரண்டுக்கும் அவரே சுருதி சேர்த்தார். மச்சினன் பக்கத்தில் நின்று வாயைக் கிளறிக்கொண்டேயிருந்தான், இவரும் விடவில்லை.

மாலையில், "முதல்ல பழைய முறை, அடுத்தது சமமுறை" என்று அறிவித்துவிட்டு மச்சினன் வாசித்தான். சுருதிக்காரரோ வாசிப்பில் காதை வைக்காமல் கூட்டத்தின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாவதற்கு முப்பத்தொரு கைகள்! "என்னமா இழையுது!" என்றார் ஒருவர். "ரெண்டாவது தகரம் மாதிரி இருந்துச்சு" என்றார் இன்னொருவர். சுருதிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

எல்லோரும் தேநீர் குடிக்கையில், இரண்டாவது பியானோவில் சும்மா இரண்டு சுரங்களைச் சேர்த்து அழுத்தினார். சமமுறை என்றால் அந்த ஜோடியின் நாதம் படபடவென்று அலையவேண்டும். இது பழைய முறையில் நிற்பதுபோல அமைதியாக நின்றது. இன்னொரு ஜோடி. அதுவும் அப்படியே. காலையில் வாய் தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்குப் பழகின வேலையைப் பார்த்துவிட்டது. இரண்டுமே பழைய முறை.

மூடி மறைக்க அவருக்கு வராது. மேடையேறிச் சொல்லியேவிட்டார். "மன்னிக்கணும். ரெண்டு பியானோவும் ஒரே சுருதிதான். தப்பு என்னோடது."

முன்வரிசை அம்மாள் ஒருவர் சிரித்தார். "தன்னடக்கத்தைப் பாருங்க! எங்களுக்கு என்ன காது இல்லையா?"

கைதட்டல் எழுந்தது. "இல்லீங்கம்மா, நிஜமாவே..." என்று இவர் கெஞ்சக் கெஞ்ச அது கூடிக்கொண்டே போயிற்று.

மச்சினன் காதருகே வந்தான். "வாசிச்ச எனக்கே தெரியல மாமா. ஆனா உங்க கட்சியில இப்ப முப்பத்தோரு பேரு. நீங்க மட்டும்தான் இல்ல."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமும் அந்த இனிமை தனக்கு மட்டும்தான் கேட்டதோ என்று, அந்தக் கைதட்டலுக்கு நடுவே நின்றபோதுதான் முதன்முதலாகப் பயம் வந்தது.