கோல் வாசலில் ஒரு 'கரையேறு'

எங்கள் ஊரில் கூலிச் சண்டை நடந்த வருஷம் அது. வருஷக் கணக்கு எனக்குத் தெரியாது. திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்து கூலிக்குச் சட்டம் போட்டிருந்தார்கள். சட்டம் ரேடியோ வரைக்கும் வந்துவிட்டது, எங்கள் களத்தில் கூலி அளக்கிற மரக்காலுக்குத்தான் வந்து சேரவில்லை. தையில் சண்டை, சித்திரையில் இந்தக் கால்பந்து மேட்ச். பாபநாசத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். மேட்ச் நடந்தது கடலோரத்தில், முத்துப்பேட்டைப் பக்கத்தில். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். பத்திரிகைக்கு என்று திருத்தமாக எழுதிக்கொள்ளட்டும், ஆனால் அவரவர் பேசினதைப் பேசினபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பந்து என்றால் உயிர். கல்யாணமாகி வந்த புதிதில், அறுத்த வயலில் தாள் குத்தக் குத்த வெறுங்காலோடு அவர்கள் ஆடுவதை வரப்பில் புல்லுக்கட்டோடு நின்று பார்ப்பேன். மாட்டுக்குப் புல் போய்ச் சேர இருட்டிவிடும். மாமியார் கேட்டால் புல்லே கிடைக்கவில்லை என்பேன். கார்னர், ஃபவுல், பெனால்டி எல்லாம் அத்துபடி. ஆஃப்சைடு மட்டும் இன்றைக்கு வரைக்கும் பிடிபடவில்லை. எங்கள் பக்கம் ஏழு பேர் ஆட்டத்தில் அதைப் பார்ப்பதில்லை என்பதால் தப்பித்தேன்.

என் வீட்டுக்காரர் முன்னால் நின்று ஆடுகிறவர். முதுகில் ஒன்பதாம் நம்பர். நான் படித்த எழுத்து அந்த ஒன்பது மட்டும்தான். டீமுக்கு கேப்டன் மிராசுதாருடைய தங்கை மகன். அந்த மிராசுதார் வயலில்தான் நாங்கள் சண்டை போட்டது. ஏழு பேரில் நாலு பேர் எங்கள் தெரு, மூணு பேர் பெரிய தெரு. தையிலிருந்து இரண்டு தெருவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பந்து வந்தால் மட்டும் "எனக்குக் குடு, எனக்குக் குடு" என்று பேசிக்கொள்வார்கள்.

சண்டை எப்படி ஆரம்பித்தது என்று சொல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. எங்கள் வேலையில் ஒரு சொல் உண்டு, 'கரையேறு' என்று. வயலில் வரிசையாகக் குனிந்திருப்போம். கஞ்சி வேளையோ, பொழுது சாய்ந்ததோ, யாராவது 'கரையேறுங்க' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கையில் இருக்கிறதை அப்படியே நிறுத்திவிட்டு எல்லோரும் வரப்பில் ஏறிவிட வேண்டும். ஒருத்தர்கூட உள்ளே நிற்கக் கூடாது, அதுதான் பழக்கம். அந்தத் தையில் அறுப்பு பாதியில் இருக்கும்போது மேஸ்திரி வந்து, "பழைய கூலிதான், இஷ்டம்னா அறுங்க" என்றார். நான் நடு வயலில் நின்றிருந்தேன். என் குரல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போகும். "கரையேறுங்க" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். என் வீட்டுக்காரரும் சேர்த்து நாற்பது பேர் அரிவாளோடு வரப்பில் நின்றார்கள். நாலு நாள் கதிர் அப்படியே நின்றது. ஐந்தாம் நாள் சட்டத்தில் சொன்ன கூலியை அளந்தார்கள்.

எல்லோருக்கும் கூலி வந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் வேலை போனது. என் வீட்டுக்காரர் எந்தக் களத்துக்குப் போனாலும், "ஒன் பொண்டாட்டி எப்ப கரையேத்துவான்னு பாத்துக்கிட்டு நிக்க முடியாதுப்பா" என்று அனுப்பிவிடுவார்கள். அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் கேப்டன் ஒரு சேதி கொண்டுவந்தார். திருச்சிப் பக்கத்தில் ஒரு பஞ்சாலை, அந்த ஆலைக்கு ஒரு டீம். நல்லாப் பந்து ஆடினால் ஆலையிலேயே வேலை போட்டுக் கொடுப்பார்களாம். அந்த ஆலைக்காரர் முத்துப்பேட்டைப் பக்கத்து மேட்சுக்கு ஆள் பார்க்க வருகிறாராம். கேப்டன் எங்கள் தெருவுக்குள் வரவில்லை, தெரு முனைப் புளியமரத்தடியில் நின்றே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். மாமியார், "பந்து பாக்க பொம்பளையா, அதும் அசலூருக்கா" என்றார். துணைக்கு நாத்தனாரைக் கூட்டிக்கொண்டேன். விடியும் முன்னே எழுந்து ஒரு குண்டான் புளிச்சோறு கிளறிவிட்டதால் என்னை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனசு வரவில்லை.

வைக்கோல் இறக்கிவிட்டு வந்த லாரி ஒன்று கிடைத்தது. முப்பது பேர் பின்னால் ஏறினோம். சுணை பட்டு உடம்பெல்லாம் ஊறல். ஆளுக்கு ஆள் முதுகு சொறிந்துவிட்டுக்கொண்டே போனோம். அவ்வளவு சந்தோஷமாக நான் சொறிந்துகொண்டது அன்றைக்குத்தான். நீடாமங்கலம் தாண்டினோம். மன்னார்குடிக்கு அப்பால் அதுவரைக்கும் நான் போனதே இல்லை. போகப் போக வயல் வெளுத்துக்கொண்டே வந்தது, காற்றில் உப்பு வாசம். நாத்தனார் லாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, கடலு தெரியுமா அண்ணி" என்று வழியெல்லாம் கேட்டாள். கடைசி வரைக்கும் தெரியவில்லை.

அந்த வருஷம்தான் எங்கள் தெருவில் மிராசுதார் வீட்டு ஆட்களைச் 'சின்னய்யா' என்று கூப்பிடுவதை விட்டிருந்தோம். சரி, வேறு என்னவென்று கூப்பிடுவது? தெரியவில்லை. அதனால் கேப்டனை ஒன்றுமே கூப்பிடாமல் பேசினோம். அவரும் அப்படித்தான். லாரியில் புளிச்சோறு கை மாறும்போது சுற்றிலும் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"ஆலைக்காரர் முன்னாடி தை மாசப் பேச்சு ஒண்ணும் வேண்டாம். ஸ்ட்ரைக்கு கிரைக்குன்னு காதுல விழுந்தா எடுக்க மாட்டாங்க. நம்ம ஆளு பந்தக் கொண்டு போனா எல்லாரும் 'ஏறு, ஏறு'ன்னு சத்தம் போடுங்க. அது போதும்." பிறகு என்னைப் பார்க்காமல், "இன்னிக்கு யாரையும் கரையேத்திடாம இருந்தா சரி" என்றார். லாரியே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். தையிலிருந்து அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மைதானத்தைச் சுற்றிக் கைலி கட்டிய ஜனம், தலை தலையாக. ஒரு பெண்பிள்ளை இல்லை. நானும் நாத்தனாரும் லாரிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். மைதானத்தை ஒட்டி ஒரு மாடி வீடு. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையில் முக்காடு போட்ட ஒருத்தி, என் வயசுதான் இருக்கும், கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"வெயில்ல ஏன் நிக்கிறீங்க? நாங்கள்லாம் மாடியிலேர்ந்துதான் பாப்போம். மேல வாங்க."

மாடியில் அந்தத் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், கைப்பிடிச் சுவருக்குப் பின்னால். எங்களுக்கு நன்னாரி சர்பத் கொடுத்தார்கள். "ஒங்க ஆளு எது?" என்று அந்த வீட்டுக்காரி கேட்டாள். ஒன்பதைக் காட்டினேன்.

"ஒல்லியா இருக்காரே. எங்க கோலி, அந்தா கோலக் காத்துக்கிட்டு நிக்கிறாரு பாருங்க, எங்க கொழுந்தன். சிங்கப்பூர்லேர்ந்து லீவுக்கு வந்தவரு. ஒங்க ஆள முழுங்கிடுவாரு."

"எங்க ஆளு முள்ளு. முழுங்கட்டும், தெரியும்" என்றேன். மாடி முழுக்கச் சிரிப்பு.

விசில் ஊதினார்கள். இடைவேளைக்கு முன்னால் அவர்கள் ஒரு கோல். இடைவேளைக்குப் பின்னால் கேப்டன் தூக்கிக் கொடுத்த பந்தை என் வீட்டுக்காரர் தலையால் முட்டி ஒரு கோல். எனக்குக் குலவையே வந்துவிட்டது. நாற்று நட்டு முடிக்கும்போது போடுவோமே, அந்தக் குலவை. மாடியில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கீழே நாற்காலி போட்டு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சட்டை, கையில் சின்ன நோட்டு. அவர்தான் ஆலைக்காரர் என்று நாத்தனார் கண்டுபிடித்தாள். என் வீட்டுக்காரர் பந்தைத் தொடும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். பந்து என் வீட்டுக்காரர் காலுக்கு வந்தது. ஒருத்தரை வெட்டினார், இன்னொருத்தரை வெட்டினார். எதிரில் சிங்கப்பூர்க் கொழுந்தன் மட்டும். அவரும் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். கோல் வாசல் ஆவென்று திறந்து கிடக்கிறது. லாரிக் கூட்டம் மொத்தமும் "ஏறு, ஏறு" என்கிறது. நானும் சுவரில் ஏறி நின்றுகொண்டு "ஏறு, ஏறு" என்கிறேன். எங்கிருந்து வந்ததோ தெரியாது, அடிவயிற்றிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தது:

"கரையேறு..."

எங்கள் தெரு ஆள் நாலு பேரும், எங்கள் கோலி உட்பட, நின்றுவிட்டார்கள். போட்டது போட்டபடி. என் வீட்டுக்காரர் பந்தின் மேல் ஒரு காலை வைத்து, வரப்பைத் தேடுகிற மாதிரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கொழுந்தன் எழுந்தார், காலடியிலிருந்து பந்தைப் பிடுங்கினார், ஒரே உதை. பந்துக்குப் பின்னால் கேப்டனும் பெரிய தெரு ஆள் இரண்டு பேரும்தான் ஓடுகிறார்கள். கோல்.

நான் சுவருக்குப் பின்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். வயலில் வேலை போனதும் என் குரலால், இதோ ஆலை வேலை போனதும் என் குரலால். அந்த வீட்டுக்காரி பக்கத்தில் குந்தி, "என்ன சொன்னீங்க? மந்திரம் போட்ட மாதிரில்ல நின்னுட்டாங்க" என்றாள். அழுதுகொண்டே சொன்னேன். முதலில் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, முக்காடு நழுவிவிட்டது. அப்புறம் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கஞ்சி குடிச்சிட்டுத் திரும்ப வேலைக்குப் போகணும்னா என்ன சொல்லுவீங்க?"

"எறங்குங்கன்னு."

"அதச் சொல்லுங்க. நிறுத்துன வாயாலதான் கெளப்பணும்."

அவர்கள் ஊர் ஜெயித்துக்கொண்டிருக்கிறது, அவள் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். எழுந்தேன். "எறங்குங்க" என்று ஒரு சத்தம் போட்டேன். நாலு பேரும் இறங்கினார்கள் பாருங்கள், மடை திறந்த மாதிரி. என் வீட்டுக்காரர் அடித்த பந்து மேல்கம்பில் பட்டுக் கம்பு நடுங்கிற்று. திரும்பி வந்ததை மறுபடி அடித்தார், கொழுந்தன் தாவிப் பிடித்தார். விசில். தோற்றுவிட்டோம்.

கீழே ஓடினேன். ஆலைக்காரர் என் வீட்டுக்காரரை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோலு தொறந்து கெடக்குது. ஏன்யா நின்ன?"

இவர் தரையைப் பார்க்கிறார். கேப்டன் முந்திக்கொண்டு, "கால் பெரண்டுடுச்சு சார்" என்றார். மிராசுதார் வீட்டுப் பிள்ளை எங்களுக்காகப் பொய் சொல்கிறார். அது போதாதா, நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். முடியவில்லை.

"அவருக்கு ஒண்ணுமில்லைங்க. நான்தாங்க மாடியிலேர்ந்து கரையேறுன்னுட்டேன்."

ஆலைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவரும் டெல்டாக்காரர்தான் போலிருக்கிறது, அந்தச் சொல்லை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இந்தம்மா சொன்னா எத்தனை பேரு ஏறுவாங்க?"

போச்சு என்று நினைத்தேன். அப்போது கேப்டன் சொன்னார். "எங்க மாமா வயல்ல நாப்பது பேரு ஏறுனாங்க சார். நாலு நாள் கதிரு நின்னுச்சு." இந்தத் தடவை என்னைப் பார்த்தார். "கேட்டது சட்டத்துல உள்ள கூலிதான் சார்."

சட்டக் கூலி என்பதை மிராசுதார் வீட்டு ஆள் ஒருத்தர் வாயால் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஆலைக்காரர் நோட்டை மூடிப் பையில் வைத்தார். என் வீட்டுக்காரரிடம், "திங்கக்கெழம ஆலைக்கு வா" என்றார். நாலடி போய்விட்டுத் திரும்பினார். "ஒண்ணு மட்டும். இந்தம்மாவ ஆலை வாசலுக்குக் கூட்டிட்டு வராத."

அப்புறம் என்ன, தோற்ற லாரி பாடிக்கொண்டு கிளம்பியது. மாடிக்காரி ஒரு தூக்கு நிறைய நெய்ச்சோறு கொடுத்துவிட்டாள். வெயில் இறங்கியிருந்தது. நான் கடைசியாக நின்றேன், லாரியோ உயரம். கேப்டன் மேலிருந்து கையை நீட்டினார்.

"ஏறுங்கக்கா."

"இந்தாங்க தம்பி, மொதல்ல சோத்துத் தூக்கப் புடிங்க" என்றேன். என்ன கூப்பிடுவது என்ற கவலை அதோடு தீர்ந்தது.

என் வீட்டுக்காரர் ஆலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். அந்த வாசல் பக்கம் நான் போனதே இல்லை. இப்போது அவர் டிவி முன்னால் உட்கார்ந்து பந்து மேட்ச் பார்க்கிறார். சாப்பாட்டுக்கு எத்தனை தடவை கூப்பிட்டாலும் அசைய மாட்டார். அடுப்படியிலிருந்து "கரையேறு" என்பேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவார். வேலை கண்ணுக்கு எதிரே நிற்கும்போது ஏன் நின்றீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "பழக்கம் புள்ள" என்றார், அவ்வளவுதான். கோல் வாசலே திறந்து கிடந்தபோதும் என் குரலுக்கு நின்றுபோன அந்தக் கால்களை நினைத்தால், நாற்பது பேருக்கு நடுவில் முதல் சத்தம் கொடுத்த அன்றைக்கும் நான் தனியாக இருக்கவில்லை என்று இன்றைக்கும் மனசு நிறைந்துபோகிறது.