விளாதிமிர் என்று கூப்பிட்டால்

என் அண்ணனுக்கு விளாதிமிர் என்று பெயர் வைத்தவர் அப்பா. யாழ்ப்பாணத்து இடதுசாரிக் குடும்பங்களில் ருஷ்யப் பெயர்கள் பரவியிருந்த காலம் அது. எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று விளாதிமிர்கள் இருந்தார்கள். மற்ற இருவரும் எங்கள் போரில் செத்துப்போனார்கள்.

அண்ணன் லண்டனுக்கு வந்து தப்பினார். கடைசியில் ஹவுன்ஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் கிடந்தார். மறதி நோயில் எல்லாம் போய்விட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் சாப்பிட வாய் திறப்பார். அவருக்கு ஊட்டிவிடும் உக்ரைன் பெண்ணோ "மிஸ்டர்" என்றே கூப்பிட்டாள். அவர் மெலிந்துகொண்டே போனார்.

ஒருநாள் கோபத்தோடு ஆங்கிலத்தில் கேட்டேன். "பெயரைச் சொன்னால் சாப்பிடுவாரே, ஏன் சொல்வதில்லை?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என் மகனுக்கும் இதே பெயர்தான். நாங்கள் வொலொதிமிர் என்போம். போன வருடம் போர்முனையில் இறந்துவிட்டான்."

அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"முன்பாதி, ஆளுவது. பின்பாதியைச் சிலர் உலகம் என்பார்கள், சிலர் சமாதானம் என்பார்கள்," என்றாள்.

பிறகு அண்ணன் பக்கம் குனிந்து, "வொலொதிமிர்" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

"ஓம், வாறன்," என்றார் அண்ணன்.

என்ன சொல்கிறார் என்று அவள் கேட்டாள். "வருகிறாராம்," என்றேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் அழுதபடியே கிண்ணம் முடியும்வரை ஊட்டினாள்.

அடுத்த மாதம் அண்ணன் இறந்தபோது நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அவள்தான் பக்கத்தில் இருந்தாள்.